டவரில் இருப்பவரின் மனைவி

இன்ஸ்பெக்டரம்மா மெகாபோனைப் பூமயிலின் கையில் திணித்து, "இந்தப் பொத்தானை அமுக்கிக்கிட்டே பேசணும்மா, விட்டா சத்தம் கேக்காது" என்று சொல்லிக் கொடுத்தபோது, அந்த நிலைமையிலும் பூமயிலுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. யாருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? மெகாபோனின் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் 'அய்யாத்துரை சவுண்ட் சர்வீஸ், நாவல்குறிச்சி' என்று எழுதியிருக்கிறது. போலீஸ் கொண்டுவந்ததில் பேட்டரி போய்விட்டதாம். ஏட்டையா அவளிடமே கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போய் இதை எடுத்து வந்திருக்கிறார். அய்யாத்துரை அவள் புருஷன். அவரை இறக்க அவருடைய மெகாபோனே வந்திருக்கிறது. வாடகை யார் தருவார்கள் என்று கேட்கக்கூடிய மனுஷன், ஆனால் கேட்பதற்கு அவர் கீழே இல்லை. விடிந்தும் விடியாததுமாக குவாரி ரோட்டு செல்போன் டவரில் ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு குறுக்குக் கம்பியில் உட்கார்ந்திருக்கிறார். கலெக்டர் நேரில் வந்து குவாரியை மூட உத்தரவு போட வேண்டும், இல்லையென்றால் குதித்துவிடுவேன் என்று அங்கிருந்து கத்தினார். இப்போது உச்சி வெயில் தாண்டிவிட்டது. ஆடிக் காற்று மலைப்பக்கத்திலிருந்து சும்மா ஒரு வீச்சு வீசிவிட்டு, போய், மறுபடி வருகிறது. கட்டிவைத்த கறுப்புக் கொடி படபடக்கிறது. கொடியை எவ்வளவு பாந்தமாகக் கட்டியிருக்கிறார் என்று பூமயில் பார்த்தாள். ஊர்க் கோயில் கொடைக்கெல்லாம் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பழகிய கை. கொடியைக் கட்டினார், தன்னைக் கட்டிக்கொள்ளவில்லை. ஒரு கயிறு கொண்டுபோக வேண்டும், இடுப்பைக் கம்பியோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், துண்டை நனைத்துத் தலையில் போட வேண்டும், உப்புப் போட்ட தண்ணீர் வேண்டும். இதெல்லாம் யோசித்து வைத்திருந்தது யார்? அவள்தான். அவர் பாதியைக் கேட்டார், பாதியை விட்டார், ஏறிவிட்டார். அரைகுறை. எதிலும் அரைகுறை. ஆனால் அத்தனை கேமராவும் அந்த அரைகுறையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

பொறாமை. வேறு பெயர் வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. காலையில் முதலில் வந்தது பயம்தான், சத்தியமாகப் பயம்தான், பீடித் தட்டை அப்படியே போட்டுவிட்டு முந்தானை காலில் இடற ஓடி வந்தாள். ஆனால் வந்து அண்ணாந்து பார்த்து, அவர் பத்திரமாக உட்கார்ந்திருப்பது தெரிந்த அந்த நொடியிலேயே பயத்துக்கு அடியிலிருந்து இது எட்டிப் பார்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். குலவை! மூன்று வருஷமாக அவள் மனு எழுதினாள், திங்கள்கிழமை தவறாமல் பஸ் ஏறி கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் காத்துக் கிடந்தாள், ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் போராட்டத்துக்கு வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள், ரோட்டை மறித்து ஒரு வாரத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தாள். யாராவது ஒருத்தி ஒரு குலவை போட்டதுண்டா? ஜெயில் வாசலில் அவளைக் கூப்பிட வந்து நின்றது இந்த மனுஷன் மட்டும்தான், கையில் இட்லிப் பொட்டலத்தோடு, "மெலிஞ்சு போயிட்டியேட்டி" என்று சொல்லிக்கொண்டு. ஊரே வந்திருக்க வேண்டும், வரவில்லை. கேட்டால் பொம்பளை ஜெயிலுக்குப் போனதைக் கொண்டாடவா முடியும் என்றார்கள். இப்போது பார், எவன் எவனோ போனில் அவர் படத்தை ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். கல்லூரியிலிருந்து மகள் அபர்ணா கூப்பிட்டாள். "யம்மா, அப்பாவ டிவில காட்டுதாங்க, ஹாஸ்டல்ல எல்லாரும் பாத்துட்டு இருக்கோம், அப்பா செம கெத்தும்மா" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். கெத்து. அம்மா ஜெயிலுக்குப் போனபோது இதே பிள்ளை, ஹாஸ்டலில் யாருக்கும் சொல்லவில்லை, கேட்டால் அசிங்கமா இருக்கும்மா என்றாள். டிவிக்காரப் பையன் ஒருத்தன் மைக்கை நீட்டி, "நீங்கதானே போராளியின் மனைவி?" என்று கேட்டான். போராளியின் மனைவி. அந்த வார்த்தை முள் மாதிரி அங்கேயே நின்றுவிட்டது, என்ன யோசித்தாலும் சுற்றிச் சுற்றி வந்து அதிலேயே மாட்டுகிறது. போராளி யார்? மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் போய்ப் பீடி குடிக்கிறவர் போராளி. மேடையில் தொண்டை கிழியப் பேசியவள் மனைவி. அவள் பேச்சு முடிந்ததும் வந்து, "பேச்செல்லாம் நல்லாத்தாம்டி இருந்துச்சு, ஆனா மைக்க முழுங்குத மாதிரிப் பேசாத" என்று சொல்வார். அவ்வளவுதான் அவருடைய புரட்சி.

ஏறுவதாக இருந்தது அவள். வருகிற வெள்ளிக்கிழமை குவாரி லைசென்ஸைப் புதுப்பிக்கக் கருத்துக் கேட்புக் கூட்டம். அன்றைக்குக் காலையில் டவரில் ஏறுவது என்று முடிவு செய்து, கமிட்டிக்குள் மட்டும் சொல்லி, வீட்டில் இவரிடம் சொன்னாள். ஏன் சொன்னாள்? நேற்று மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டு ஆளிடம் சொல்லாமல் எப்படி? அதுவும் டவர் ஏறும் தயாரிப்பில் ஒரு பகுதிதானே. "பாத்துக்கிடுங்க, போலீஸ் மொதல்ல வீட்டு ஆளத்தான் பிடிச்சுக் கூட்டியாரும். அழச் சொல்லும். நீங்களும் வந்து அழுவீங்க. நான் எறங்க மாட்டேன். வீட்டு ஆளு கூப்பிட்டா எறங்கக் கூடாது, அதான் கமிட்டியில போட்ட சட்டம்" என்று சொன்னாள். அவர் ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொண்டே, "நான் கூப்புட்டாலுமாட்டி?" என்றார். "நீங்க கூப்புட்டாலும். போலீஸ் சொல்லிக் குடுத்துத்தான் கூப்புடுதீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவளேதான். பக்கத்து ஊரில் ஒருத்தன் ஏறிவிட்டு, பொண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக் காட்டியதும் இறங்கி வந்து மூன்று ஊருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததைப் பார்த்துப் போட்ட சட்டம். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை மூடிவிட்டு, டீ குடிக்கப் போனார். திருடுவதற்கு வந்தவன் மாதிரியா இருந்தது அந்த முகம்? பூமயில் அந்த முகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை அதில். அவளுக்குப் பதிலாகத் தான் ஏறிவிட்டால் அவள் ஏற வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார், அது தெரியாமல் இல்லை. காலையில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் விழுந்துவிடக் கூடாதே என்று அவர் ஏறியிருக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. வேறு எவனாவது இந்த இடத்தைப் பறித்திருந்தால் காறித் துப்பியிருக்கலாம். பாசத்தால் பறித்தவனை என்ன செய்வது? வெறுக்கவும் முடியாது, நன்றி சொல்லவும் மனசு வராது. அவள் ரகசியமாகச் சொன்னதை எடுத்துக்கொண்டுபோய் டவர் உச்சியில் வைத்துவிட்டார், இதற்குத் துரோகம் என்று பெயர் சொன்னால் ஊர் அவளைத்தான் காறித் துப்பும்.

இன்ஸ்பெக்டரம்மா, "பேசுங்கம்மா, காத்து கூடுது" என்றாள். பேசுகிறேன் என்று பூமயில் தலையாட்டினாள், பேசவில்லை. ஸ்டீபன் வக்கீல் போலீஸ் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பேசாதே என்று கண்ணைக் காட்டினார். போராட்டக் கமிட்டித் தலைவர் அவர். டவர் யோசனையை அவள் சொன்னபோது கொதித்து எழுந்தவரும் அவர்தான். "உயிரை வச்சு மிரட்டுறது எனக்கு உடன்பாடில்லம்மா. அது சத்தியாகிரகம் இல்ல, பிளாக்மெயில்" என்றார். "நம்ம உயிரத்தான சார் வைக்கோம், அடுத்தவன் உயிரையா வைக்கோம்?" என்று அவள் கேட்டாள். அதோடு கமிட்டி ஒத்துக்கொண்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை நினைத்து நினைத்து ஒரு பெருமை. குவாரி வெடியில் வீட்டுச் சுவர் பிளந்த ஊர், கிணறு வற்றிய ஊர், வெடிக்கல் பறந்து வந்து வாசலில் காய்ந்த துணிக்கு நடுவே விழுந்த ஊர், இவ்வளவுக்கும் அசையாத கலெக்டரை வேறு எப்படி அசைப்பது? நம்ம உயிர்தானே. இப்போது மேலே இருப்பது யார் உயிர்? அவளுடையதா? ஒரு பேச்சுக்கு அடுத்தவன் உயிர் என்றாளே, அந்த அடுத்தவன்தான் கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு அவ்வளவு எதிர்த்த வக்கீல் இன்றைக்குக் காலையிலிருந்து நாலு சேனலுக்குப் பேட்டி கொடுத்துவிட்டார், சட்டையைக்கூட மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "கலெக்டர் கிளம்பிட்டதா தகவல் வந்திருக்கு. உன் வீட்டுக்காரரு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கிட்டார்னா நாம ஜெயிச்சோம். நீ மட்டும் வாயத் தொறந்துராத" என்றார். அவருக்கு சுகர் இருக்கிறது சார், காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார், ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவள் சொன்னாள். வக்கீல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதையும் பத்திரிகைக்குச் சொல்லலாமா?" என்று கேட்டார். பூமயிலுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தானும் வெள்ளிக்கிழமை மேலே இருந்திருந்தால் இதே கேள்வியைத்தான் கேட்கச் சொல்லியிருப்பாள். அதுதான் பயமாக இருந்தது.

கூப்பிட்டால் என்ன ஆகும்? வீட்டு ஆள் கூப்பிட்டால் இறங்கக் கூடாது என்று அவரிடம் சொன்னது அவள் வாய். அவள் சொன்னால் அவர் கேட்பார், எப்போதும் கேட்பார், அதுதான் கஷ்டமே. நாலு முழம் பூ வாங்கி வா என்றால் நாலு முழம், கூட ஒரு கண்ணி வாங்க மாட்டார். இறங்கக் கூடாது என்றால் இறங்க மாட்டார், மயங்கித்தான் விழுவார். கூப்பிடாமல் இருந்தால்? கலெக்டர் வந்துவிடலாம், அவர் மாலையோடு இறங்கி வரலாம், இந்த ரோட்டில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள், அவள் பின்னால் நடந்து போவாள், மூன்று வருஷமும் அந்தக் கூட்டத்தின் காலடியில் மிதிபடும், வருகிற கொடைக்கு மேடையில் மைக் கட்டிய ஆளே மைக்கைப் பிடித்துப் பேசுவார். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை யோசிக்க மனம் முரண்டு பிடித்தது. விழுந்துவிட்டால், அப்போதும் அவர்தான். படம் போட்டு, பெயர் போட்டு, டவருக்கு அடியில் ஒரு கல்லை நட்டு, வருஷா வருஷம் வந்து மாலை போடுவார்கள். அப்போது அவளால் அவரை ஒருநாளும் எட்ட முடியாது. ச்சீ, என்ன மனசு இது! புருஷன் உயிர் ஊசலாடுகிறது, இவள் பேர் யாருக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். கூப்பிட வேண்டும் என்று துடிக்கிறாளே, அவர் பிழைக்க வேண்டும் என்றா, அவர் ஜெயித்துவிடக் கூடாது என்றா? எதைப் பிடித்து இழுத்தாலும் இன்னொன்றும் கூடவே வந்தது. காற்று ஒரு வீச்சு வீசியது. மேலே அவர் ஒரு கையை விட்டு, நெற்றியைத் துடைத்து, மறுபடி பிடிக்கப் போய் ஒருதரம் தவறவிட்டு, இரண்டாவது தரம் பிடித்தார். கூட்டம் மொத்தமும் ஹோ என்றது. பூமயிலின் உள்ளங்கை வேர்த்து மெகாபோன் வழுக்கியது. சர்க்கரை இறங்கினால் அவருக்கு முதலில் கைதான் நடுங்கும், டம்ளர் டம்ளராகக் கருப்பட்டித் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறாள், அவளுக்குத் தெரியும்.

பொத்தானை அமுக்கினாள். "ஏங்க, நான்தான். எறங்கி வந்துருங்க." அவள் குரல் அவளுக்கே யாரோ போல டவரில் மோதித் திரும்பியது. மைக்கை முழுங்குகிற மாதிரிப் பேசிவிட்டோமோ என்று ஒரு நினைப்பு வந்து போனது. மேலே அவர் குனிந்து பார்த்தார், கையை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டினார், மாட்டேன் என்று. கூட்டம் கைதட்டியது. "பொண்டாட்டி கூப்புட்டும் எறங்கலையே, ஆம்பளடா!" என்று ஒருவன் கத்தினான். வக்கீலின் முகம் மலர்ந்தது. இன்ஸ்பெக்டரம்மா காதுக்குப் பக்கத்தில் வந்து, "அழுதுகிட்டே சொல்லுங்கம்மா, பொண்ணு பேரைச் சொல்லுங்க, தாலியைக் காட்டுங்க" என்றாள். பூமயிலுக்கு அழுகை வரவில்லை. அவர் கையாட்டினாரே, அதில் ஒரு குறும்பு இருந்தது, நீ சொல்லிக் கொடுத்தபடிதானே செய்கிறேன், சரியாக இருக்கிறதா என்று கேட்கிற குறும்பு. அவள் போட்ட சட்டத்துக்கு அவருக்குக் கைதட்டல். அவள் உள்ளுக்குள் என்னவோ பட்டென்று அறுந்தது. இனி என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை, யார் கேட்பார்கள் என்றும் பார்க்கவில்லை.

"எறங்குங்கன்னு சொல்லுதேன்லா! அது என் எடம்! நான் ஏற வேண்டிய எடம்! யாரக் கேட்டு ஏறினீங்க? மூணு வருசம் அலைஞ்சது நானு, ஜெயிலுக்குப் போனது நானு, ஒங்களுக்கு என்ன தெரியும் போராட்டத்தப் பத்தி? டிவில ஒங்களப் போராளிங்கான், என்னப் போராளி பொண்டாட்டிங்கான். எனக்குப் பொறாமையா இருக்கு! கேட்டுக்கிடுங்க, நல்லாக் கேட்டுக்கிடுங்க, காலையிலருந்து எனக்குப் பத்திக்கிட்டு வருது! எறங்குங்க, என் எடத்த விட்டு எறங்குங்க!"

கேமராக்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. வக்கீல் தலையில் கைவைத்தார். "பாவி, கெடுத்துட்டாளே" என்று குலவை போட்ட ஒருத்தி சொன்னது தெளிவாகக் கேட்டது. இனி இந்த ஊரில் இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி நடமாடுவது? மேலே அய்யாத்துரை வெகுநேரம் அசையாமல் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலை நீட்டித் துழாவி, ஏணிக் கம்பியில் வைத்தார். ஒரு படி. நின்று மூச்சு வாங்கினார். இன்னொரு படி. அவர் இறங்க இறங்கப் பூமயில், விழுந்துராதீங்க, விழுந்துராதீங்க என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். பொத்தானில் விரல் இருந்ததால் அந்த முணுமுணுப்பும் ரோடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

கடைசிப் படியிலிருந்து தரையில் கால் பட்டதும் போலீஸ்காரர்கள் எல்லாரும் மொத்தமாகப் போய் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவரால் நிற்க முடியவில்லை, இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டரம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் வைத்தாள். ஜீப்பை நோக்கி நடத்திக்கொண்டு வரும்போது பூமயில் நின்ற இடத்தில் நின்றார். உதடு வெடித்திருந்தது. "நெசமாவேதான் சொன்னியா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "போலீஸ் சொல்லிக் குடுத்துப் பேசுதன்னுதான் மொதல்ல நெனச்சேன். பொறவுதான் தெரிஞ்சுது நீதாம்னு. போலீசுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கத் தெரியாதுல்லா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எடம் காலியாத்தான் இருக்கு. இப்ப விட்டா கெடைக்காது. போ, ஏறு" என்றார். அவள் புரியாமல் நிற்கும்போதே அவர் இருந்தாற்போலத் தன் முழு பாரத்தையும் தரையில் போட்டு, ரோட்டின் குறுக்கே படுத்துக்கொண்டு, ஜீப்பில் ஏற மாட்டேன், கலெக்டர் வராமல் ஏற மாட்டேன் என்று தொண்டை கிழியக் கத்தினார். அத்தனை போலீஸும் அவர்மேல் குனிந்தது. அத்தனை கேமராவும் ஓடி வந்தது. ஏணிக்குப் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை.

பூமயில் மெகாபோனைக் கீழே வைத்தாள். சேலையை வரிந்து கட்டினாள். செருப்பை எங்கே கழற்றினாள் என்று தெரியவில்லை. முதல் கம்பியைப் பிடித்ததும் உள்ளங்கை சுட்டது. ஒரு படி ஏறினாள், இன்னொன்று, இன்னொன்று, தலைக்கு மேலே கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போயின, காற்று வந்து முதுகில் கைவைத்துத் தள்ளியது, டவர் லேசாக ஆடியது, ஆடியதா அவள்தான் ஆடினாளா? பொறாமை எங்கே போயிற்று? தேடிப் பார்த்தாள், இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது, வாயெல்லாம் உலர்ந்து, மூத்திரம் முட்டிக்கொண்டு, பச்சைப் பிள்ளையின் பயம். விடிந்ததிலிருந்து இதையா அந்த மனுஷன் தன்னந்தனியாக மேலே வைத்துக்கொண்டிருந்தார்? இதற்கா அவள் பொறாமைப்பட்டாள்? கீழே கூட்டம் பார்த்துவிட்டது, கூச்சல் எழுந்தது, யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பூமயில் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த கம்பியைத் துழாவினாள்.